அந்த மனை யாருடைய நிலம்?

வீட்டுமனை வாங்கும்போது சட்டப்படி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பற்றியெல்லாம் தரகரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். அது பஞ்சமி நிலமா என்று பாருங்கள்.

இந்தக் காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதில் என்னை உலுக்கியது மனை பற்றிய செய்திதான். சேரியில் குடிசை நின்ற இடம்கூட மிராசுதாரருடையது என்றார்கள். அரசிடம் சொந்த நிலம் கேட்டு மனு போட்டால் குடியிருப்பே போய்விடும். வீட்டைக் காட்டியே ஆளை அடிமையாக வைத்திருந்தார்கள்.

அதைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அரசு நட்டஈடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்து ஆணைதானே என்று நினைக்காதீர்கள். மீறி நடந்த விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பிறகு எப்படி அந்த நிலம் பிளாட் ஆனது? கடன், மிரட்டல், வெற்றுத்தாளில் கைநாட்டு. 1980களில் யு.டி.ஆர். பட்டா வேலை நடந்தபோது பல ஊர்களில் அனுபவத்தில் இருந்த ஆதிக்க சாதிக்காரர் பெயரே ஏறியது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததும் மனை விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். "நாலு கை மாறிவிட்டது, நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பார் கடைசியாக வாங்கியவர். விற்றவருக்கே இல்லாத உரிமை பத்திரம் பதிந்தால் வந்துவிடுமா? பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாக வைத்திருப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இந்த நிலத்தைக் கேட்டதற்காக உயிரே போயிருக்கிறது. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றங்கள்தான் வரும், 1892இன் நிபந்தனை வராது. அதனால் தாலுகா அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டு நகலும், யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலும் கேளுங்கள். டி.சி. நிலம், நிபந்தனை ஒப்படை என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பக்கத்துச் சேரியில் பெரியவர்களையும் விசாரியுங்கள், எது யாருடைய கழனி என்று அவர்களுக்குத் தெரியும்.

குறிப்பு இருந்தால் வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். அந்த நகலை மட்டும் தூக்கிப் போடாமல் அந்தச் சேரிக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். மீட்பு மனு போட அவர்கள் அலைவது பெரும்பாலும் அந்த ஒரு காகிதத்துக்காகத்தான்.