விமானம் வீடு வந்து சேர்ந்த கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனும் வள்ளுவனும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு செயலாளர் நம் இல்லத்திற்கு எழுந்தருளி, காப்பி அருந்திய பின், “தாங்கள் விமானப் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர், அதைப் பற்றியே பேசலாமே” என்றார். இலக்கியம் பேச நமக்கு வராது என்பதை இத்துணை நயமாக வேறு எவரும் சொல்லியிருக்க இயலாது. ஆகவே மகிழ்ச்சியோடு ஒப்புக் கொண்டோம்.

பெரிய விமானங்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நீங்களே ஏறி அமர்கிறீர்கள். நாம் எடுத்துக் கொண்டது சின்னஞ்சிறு விமானம். ஒருவர் அல்லது இருவர் அமரக் கூடியது. ஒரு தனி மனிதர் விலை கொடுத்து வாங்கித் தம் ஊருக்குக் கொண்டு வருவது. வாங்குவது எளிது, அன்பர்களே. அதை வீடு கொண்டு வந்து சேர்ப்பதிலேதான் கதை இருக்கிறது.

நம் கிராமங்களில் மாடு வாங்கப் புறப்படுவோரைக் கண்டிருப்பீர்கள். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். விலை படிந்த பிறகும் கவலை தீராது. புதுக் கயிறு வேண்டும், வழியில் தண்ணீர் காட்ட வேண்டும், இரவில் முளையடித்துக் கட்ட வேண்டும். விமானத்திற்கும் இவை யாவும் பொருந்தும். பல் பார்ப்பது மட்டும் இல்லை.

1930-ஆம் ஆண்டில் இத்தகைய விமானங்களுள் பெயர் பெற்றது இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் செய்த ‘ஜிப்ஸி மாத்’ என்பது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கைகள். மரச்சட்டம், அதன்மேல் ஒட்டுப்பலகை, இறக்கைகளின்மேல் துணியைப் போர்த்தி, அது முரசுத் தோல் போல் இறுகுமாறு ஒருவகை வார்னிஷ் பூசியிருப்பார்கள். இயந்திரம் சுமார் 100 குதிரைச் சக்தி. விலை ஏறக்குறைய 650 பவுன். இறக்கைகளை மடக்கிவிட்டால் மோட்டார்க் கொட்டகையில் நிறுத்தலாம். முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். ஓட்டுபவர் பின்னால் அமர வேண்டும். பிரேக் இல்லை. வானொலி இல்லை. இயந்திரத்தைக் கிளப்ப ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும்.

இதை இந்தியாவுக்குக் கொண்டு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இறக்கைகளைக் கழற்றிப் பெரிய மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவது. பெட்டியைத் திறந்து மீண்டும் பூட்டும்போது, மேலிறக்கையும் கீழிறக்கையும் ஒன்றுக்கொன்று உரிய சாய்வில் நிற்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, கம்பிகளை முறுக்கி முறுக்கிச் சரி செய்ய வேண்டும். வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை அது. அவசரக்காரருக்கு ஆகாது. ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் விமானம் ஒருபுறமாகவே இழுக்கும்.

மற்றொரு வழி, பறந்தே வருவது. லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டனிலிருந்து கராச்சி வரை ஏறக்குறைய 5,000 மைல். மணிக்கு 85 மைல் என்று கொண்டால், வானிலே மட்டும் அறுபது மணி நேரம். ஆனால் மாத் விமானத்தின் மேலிறக்கையின் நடுவில் இருந்த தொட்டி 19 காலன் கொள்வது. அதைக் கொண்டு 320 மைல் போகலாம். பாலைவனத்தில் 320 மைலுக்கு ஒரு பெட்ரோல் கடை எங்கே இருக்கிறது? ஆகவே முன்னிருக்கையை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு தொட்டி வைப்பார்கள். அதிலுள்ள பெட்ரோலை மேல்தொட்டிக்கு ஏற்றக் கைப்பம்பு ஒன்று உண்டு. பறந்து கொண்டே, ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக் கொண்டு மறு கையால் பம்பு அடிக்க வேண்டும். பெட்ரோல் நெடி முகத்தில் அடித்துக் கொண்டே இருக்கும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு காலன் பெட்ரோல் ஏழு பவுண்டுக்குச் சற்று மேல் எடை. பத்துக் காலன் கூடுதலாக ஏற்றினால் எழுபது பவுண்டு கூடிவிட்டது. பிறகு எதை எடுத்துக் கொள்வது, எதை விடுவது? நம் வீட்டுப் பெண்டிர் ரயிலுக்கு மூட்டை கட்டும்போது ஊறுகாய் ஜாடியை விட மாட்டார்கள், போர்வையை விட்டுவிடுவார்கள். விமானிகளும் அவ்வாறே. இரவில் காற்று தூக்கிப் போகாமல் கட்டி வைக்க முளைகளும் கயிறும் வேண்டும். மணல் புகாமல் இயந்திரத்தின்மேல் போடக் கித்தான் உறை வேண்டும். வழியில் கிடைக்கும் பெட்ரோலில் நீரும் தூசியும் கலந்திருக்கும். அதை வடிகட்டப் பதனிட்ட மெல்லிய தோல் ஒன்று வேண்டும். நீண்ட படங்களைச் சுருளாகச் சுற்றி, உருட்டி உருட்டிப் பார்க்குமாறு அமைத்த பெட்டி வேண்டும். மாற்று ஸ்பார்க் பிளக்குகள் வேண்டும். கடைசியில் மாற்றுச் சட்டைக்கு இடம் இருக்காது.

அந்த 1930-இல் ஆகா கான் அவர்கள் 500 பவுன் பரிசு ஒன்றை அறிவித்திருந்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எத்திசையிலாயினும், முதன்முதலில் தனித்துப் பறக்கும் இந்தியருக்கு அது உரியது. புறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று இளைஞர்கள் களத்தில் இறங்கினர்.

மன்மோகன் சிங் என்பவர் தம் ஜிப்ஸி மாத் விமானத்திற்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் சூட்டியிருந்தார். வழி தவறித் தொடக்கத்திலேயே திரும்ப நேர்ந்தது. ஆங்கிலத்தில் ‘மிஸ்’ என்பதற்குத் தவறவிடுதல் என்ற பொருளும் உண்டல்லவா? லண்டன் பத்திரிகையாளர் ஒருவர், பெயருக்கேற்ப அவர் இந்தியாவைத் தவற விட்டாலும் விடுவார் என்று கேலி எழுதிவிட்டார். நமக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. வானொலியும் இன்றித் திசைகாட்டியை மட்டும் நம்பி, மூடுபனியில் மலைகளுக்கிடையே செல்பவனைப் பற்றி நாற்காலியில் அமர்ந்து எழுதுவது எளிது. சிங் மறுபடியும் முயன்று கராச்சி வந்தே சேர்ந்தார். ஆனால் ஒரு மாதக் கெடு கடந்துவிட்டபடியால் பரிசு கிட்டவில்லை.

இரண்டாமவர் ஆஸ்பி எஞ்சினியர், வயது பதினேழு. இங்கே அமர்ந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கவனிக்க! அவர் இங்கிலாந்திலிருந்து இந்தியா நோக்கி வந்தார். மூன்றாமவர் கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டார். அவர் பெயரை ஜாம்ஷெட்பூர்வாசிகளாகிய உங்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமா? ஜே. ஆர். டி. டாட்டா. அப்போது வயது இருபத்தைந்து. முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் நாட்டின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றிருந்தார்.

எகிப்தில் அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே அபுகீர் என்ற தளத்தில் டாட்டா இறங்கியபோது, அங்கே ஆஸ்பியின் விமானம் நின்று கொண்டிருந்தது. பிளக்குகள் கெட்டுவிட்டன, மாற்று இல்லை. வந்து சேரும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்த இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டாக எட்டுப் பிளக்குகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுதான். அவை எண்ணெய்க் கசடு படிந்து பொறி விடாமற் போனால், 650 பவுன் விமானம் வெறும் மரமும் துணியுமாக நிற்கும்.

இது போட்டி என்பதை மறந்துவிடாதீர்கள். டாட்டா வாய் திறக்காமல் எண்ணெய் நிரப்பிக் கொண்டு கிளம்பியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் தம்மிடமிருந்த மாற்றுப் பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி பறந்தார், டாட்டாவை முந்திக் கொண்டு கராச்சியை அடைந்து பரிசையும் பெற்றார்.

நாம் பட்டறைக்காரர் ஆதலால் இக்கதையில் இன்னொன்றையும் காண்கிறோம். கொடுத்தவருக்கும் அந்தப் பிளக்குகள் வேண்டியிருந்தன. முன்னே மத்தியதரைக் கடல் கிடந்தது. தன் மூட்டையிலிருந்து மாற்று உறுப்பை எடுத்துக் கொடுப்பவன், அடுத்த தளம் வரை தன் இயந்திரத்தின் ஒவ்வோர் ஓசையையும் காதைத் தீட்டிக் கேட்டுக் கொண்டே செல்ல வேண்டும். பணம் கொடுப்பதை விட இது கடினம்.

ஆஸ்பி எஞ்சினியர் 1960-இல் நம் விமானப்படையின் தலைவரானார். மன்மோகன் சிங்கோ உலகப் போரில் பணியாற்றி, 1942 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியர் நடத்திய தாக்குதலில் உயிர் நீத்தார்.

அதே மே மாதத்தில், அதே கராச்சியில், ஓர் ஆங்கிலப் பெண்மணியும் வந்திறங்கினார்: எமி ஜான்சன். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 600 பவுனுக்குப் பழைய மாத் ஒன்றை வாங்கி, ‘ஜேசன்’ என்று பெயரிட்டு, ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டார். நமக்கு அவரிடம் தனி மதிப்பு உண்டு. காரணம் யாதெனின், அவர் விமானியாக மட்டுமன்றி, இயந்திரத்தைப் பழுது பார்க்கும் தேர்விலும் தேறியவர். மாலையில் தரையிறங்கியபின் தாமே கைகளில் மசி படிய இயந்திரத்தைத் துடைத்துச் சோதிப்பார். மாற்று விசிறி ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டு வந்தார். வழியில் அதைப் பார்த்தவர்கள் வீண் சுமை என்று எண்ணியிருக்கலாம்.

ரங்கூனுக்கு அருகே இன்செய்ன் என்ற இடத்தில், மழையில், இடம் தெரியாமல் ஒரு தொழிற்பள்ளியின் விளையாட்டுத் திடலில் இறங்கிப் பள்ளத்தில் மோதிவிட்டார். விசிறி ஒடிந்தது; இறக்கை கிழிந்தது. விசிறிக்குத்தான் மாற்று இருந்ததே! இறக்கைத் துணிக்கு என்ன செய்வது? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியை அங்கே எவரோ வாங்கிச் சட்டைகளாகத் தைத்திருந்தார்களாம். அச்சட்டைகளைப் பிரித்து இறக்கையில் ஒட்டுப் போட்டார்கள். பள்ளியின் ஆசிரியரும் மாணவரும் கூடி வேலை பார்த்தனர். அந்நாளில் ரங்கூனில் நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர் வாழ்ந்தனர்; வேடிக்கை பார்க்கச் சென்றவர்களுள் நம்மவரும் இருந்திருப்பர் என்று நினைத்துக் கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. மே 24-ஆம் நாள் அவர் டார்வினை அடைந்தார். அந்த ‘ஜேசன்’ லண்டன் அறிவியல் காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இனி நம் சொந்தக் கதை ஒன்று, பெருமைக்குரியதன்று. இளமையில் வேறோர் ஊரில், ஒரு பறக்கும் சங்கத்தின் பட்டறையில் இருந்தோம். பெங்களூரில் செய்யப்பட்ட ‘புஷ்பக்’ விமானம் ஒன்று எங்கள் சங்கத்திற்கு வந்தது. சிறிய விமானம், 90 குதிரைச் சக்தி, துணி போர்த்தியது. புதிய பொருள் ஏதேனும் பொருத்தினால் திசைகாட்டியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. விமானத்தை ஒரு வட்டத்தின் நடுவே நிறுத்தி, எட்டுத் திக்கிலும் திருப்பித் திருப்பி, முள் எத்துணை பிழை காட்டுகிறது என்று ஓர் அட்டையில் எழுதி, விமானியின் கண்ணெதிரே ஒட்ட வேண்டும். வெயிலில் நான்கு பேர் தள்ளித் தள்ளி அரை நாள் வேலை.

அதைச் செவ்வனே செய்து முடித்தோம். மாலையில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைக் கண்டு, ஸ்பானர் பையுடன் உள்ளே சென்று முடுக்கினோம். பையைக் கருவிப்பலகையின் பின்னாலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டோம். மறுநாள் காலை பயிற்சியாளர் மாணவர் ஒருவரோடு கிளம்பினார்.

திசைகாட்டியின் அருகே இரும்பு! முள் ஏறத்தாழ பத்துப் பாகை விலகிவிட்டது. அறுபது மைல் பறந்தால், ஒரு பாகைக்கு ஒரு மைல் வீதம் வழி தவறும். பத்துப் பாகைக்குப் பத்து மைல். ஆவணி மாதத்து மேகமூட்டம் வேறு. வர வேண்டிய நேரம் கடந்தது. அரை மணி கடந்தது. பை எங்கே என்று தேடியபோதுதான் நமக்கு நினைவு வந்தது. அந்த அரை மணியை இன்றும் மறக்க இயலவில்லை. தலைமைப் பொறியாளரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

விமானம் திரும்பியது. பயிற்சியாளர் திசைகாட்டியில் ஐயம் கொண்டு, ரயில் பாதை ஒன்றைக் கண்டுபிடித்து, நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தாழப் பறந்து படித்து, அதன் வழியே வந்து சேர்ந்திருக்கிறார். இறங்கியவர் ஸ்பானர் பையை நம் கையில் கொடுத்து, “இது உன்னுடையதா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். அன்று முதல், பட்டறையை விட்டு வெளியேறுமுன் ஸ்பானர்களை எண்ணுவோம். ஓய்வு பெற்றபின் வீட்டில் சமையலறைக் கரண்டிகளையும் எண்ணுவதாக இல்லத்தரசியாருக்குக் குறை உண்டு.

இறுதியாக ஒன்று. ஆகா கான் பரிசை இழந்த டாட்டா, நண்பர் நெவில் வின்ஸென்டோடு சேர்ந்து ‘புஸ் மாத்’ என்னும் இரு சிறு விமானங்களைக் கொண்டு தபால் போக்குவரத்தைத் தொடங்கினார். ஜுஹுவில் ஓலைக் கொட்டகைதான் நிலையம். மழைக்காலத்தில் தளம் நீரில் மூழ்கும். அப்போது பூனாவுக்குக் குடி பெயர வேண்டும். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து தாமே ஓட்டி, அகமதாபாத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்த டின்களிலிருந்து பெட்ரோல் நிரப்பிக் கொண்டு பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து வின்ஸென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். வடக்கே பிழைக்க வந்த நம் முன்னோரின் கடிதம் அன்று முதல் வானில் ஊர் போய்ச் சேரத் தொடங்கியது. 1982-இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியைச் சிறு விமானத்தில் அவர் மீண்டும் பறந்து காட்டினார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அடுத்துக் குழந்தைகளின் நடனம். சலங்கை கட்டிக் கொண்டு திரைக்குப் பின்னால் வெகுநேரமாக நிற்கிறார்கள். மேடையை அவர்களிடம் ஒப்படைக்கிறோம்.