ஊர்க் கோர்ட் வாரண்டும் நாமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், தாராவியில் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கதவைத் தமிழ்நாட்டுப் போலீசார் தட்டினார்கள். ஊரில் கோவில் கொடையின்போது நடந்த கைகலப்பு வழக்கு. இரண்டு வாய்தாவுக்குப் போனார். பிறகு வேலையை விட்டுப் போக முடியவில்லை. எட்டு வருஷமாகிவிட்டதே, எல்லாம் முடிந்திருக்கும் என்று இருந்துவிட்டார். நம்மில் பலரும் இப்படித்தான் இருக்கிறோம்.

பிடிவாரண்டு பழசாகிச் செத்துப்போவதில்லை தோழர்களே! பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேறும்வரை அதற்கு உயிர் உண்டு. இந்தியாவில் எங்கும் நிறைவேற்றலாம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் இதுதான்.

அதற்காக, வந்த போலீசார் நேரே ரயிலேற்றிக் கொண்டுபோய்விட முடியாது. வாரண்டில் உள்ளதைச் சொல்ல வேண்டும்; கேட்டால் காட்ட வேண்டும். வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும். பிறப்பித்த கோர்ட் தொலைவில் இருப்பதால், இங்குள்ள மாஜிஸ்திரேட் அல்லது போலீஸ் கமிஷனர் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால், தகுந்த ஜாமீன் கொடுத்ததும் இங்கேயே விட்டாக வேண்டும். பத்திரம் ஊர்க் கோர்ட்டுக்குப் போகும். விடத்தகாத குற்றமானாலும், இம்மாவட்டத் தலைமை மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ காகிதங்களைப் பார்த்து ஜாமீன் தரலாம்.

இது தெரியாமல் அவர் மனைவி, ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஒரு தரகரிடம் தாலிச் சங்கிலியை அடகு வைத்த பணத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை. நாங்கள் வக்கீலோடு போய் நின்றோம். சங்கத் தோழர் ஒருவர் ஜாமீன் நின்றார். மாலையில் வீடு வந்துவிட்டார். வழக்கு தீரவில்லை, வாய்தாவுக்கு ஊருக்குப் போயே ஆக வேண்டும்.

ஒளிந்திருப்பவர் கதை வேறு. கோர்ட் பிரகடனம் செய்து, 30 நாளுக்குக் குறையாத கெடு வைக்கும். ஊரிலுள்ள ஓட்டு வீட்டையும் ஜப்தி செய்யலாம். பிரகடனத்துக்குப் பிறகும் வராமலிருப்பதே தனிக் குற்றம்; 3 ஆண்டுவரை சிறை உண்டு. ரயில்வேயில் இருக்கும் நாங்கள் சொல்கிறோம்: சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய், வக்கீல் மூலம் வாரண்டை ரத்து செய்ய மனுப் போடுங்கள். போலீஸ் நடுவில் உட்கார்ந்து போகும் பயணத்தை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

வக்கீலுக்குக் காசில்லையே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஊரில் வழக்கு நிலுவையுள்ளவர்கள், கூச்சப்படாமல், கையில் இருக்கும் சம்மன், பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். வக்கீலும் வருகிறார்.