உயிர்களின் பெரும்பிரிவுகள்



எங்கள் மண்ணூரைச் சுற்றிலும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஆயினும், ஏரிச் சேற்றைக் கோலால் கிளறினால் குமிழிகள் எழுகின்றன. அவற்றில் மீத்தேன் வாயு உண்டு. அதனை ஆக்கும் நுண்ணுயிர்கள் எவ்வினத்தன என்னும் வினா உயிரியலையே புரட்டிவிட்டது.

உயிர்களை வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், அறியும் புலன்களை அளவுகோலாகக் கொண்டு, ஓரறிவுடைய புல் மரம் முதலாக ஆறறிவுடைய மக்கள் ஈறாக அடுக்கிற்று. புறத்தே வைரமுடையது புல், அகத்தே வைரமுடையது மரம் என்று பிரித்த நுட்பத்தை நான் பெரிதும் வியப்பதுண்டு. அதன்படி பனையும் மூங்கிலும் புல்லேயாம். தாவரவியலாரும் அவ்விரண்டையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கின்றனர். எனினும் எறும்பை மூவறிவிலும் தும்பியை நாலறிவிலும் வைத்தமையால் பூச்சியினம் பிளவுபட்டது. அளவுகோல் மாறினால் உறவும் மாறும் அன்றோ?

1735-இல் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என இரண்டாக்கினார். 1866-இல் ஹெக்கல் நுண்ணுயிர்களுக்கு மூன்றாம் உலகம் வகுத்தார். 1969-இல் விட்டேக்கர் உலகங்களை ஐந்தாக்கி, காளானுக்குத் தனியிடம் அளித்தார். காளான் தன் உணவைத் தான் சமைப்பதில்லை. மட்கும் பொருளைப் புறத்தே செரித்து உறிஞ்சுகிறது. மரபணுவை நோக்கின், அது செடியினும் விலங்குக்கே நெருங்கிய உறவு. காளானைச் சைவமென்று உண்போர் இதுகேட்டு மனங்கலங்க வேண்டா!

இனி, ஏரிக் குமிழிக்கு வருவோம். புரதம் ஆக்கும் ரைபோசோம் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. அதிலுள்ள ஆர்.என்.ஏ. மிக மெல்லவே மாறுவது. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கியதுபோல, இல்லினாய் பல்கலைக்கழகத்துக் கார்ல் வோஸ் பல உயிர்களின் ஆர்.என்.ஏ.வை ஒப்புநோக்கினார். 1977-இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும், மீத்தேன் ஆக்கும் உயிர்கள் பாக்டீரியாவே அல்ல என்று அறிவித்தனர். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் அறிஞர் பலர் நெடுநாள் அதனை ஏற்றிலர். வோஸ் தளரவில்லை. 1990-இல் பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உடையவை என மூன்று பெரும்பிரிவுகளை அவரும் துணைவரும் நிறுவினர். பனையும் காளானும் நாமும் மூன்றாவதில் ஒருங்கே அடங்கினோம்.

2015-இல் ஆர்க்டிக் கடல் ஆழத்துச் சேற்றிலிருந்து லோக்கி எனப்படும் ஆர்க்கியாவின் மரபணுக்கள் கண்டறியப்பட்டன. உட்கரு உயிர்களுக்கே உரியவை என்று கருதிய மரபணுக்கள் சில அதிலும் இருந்தன. ஆதலின் நம் கிளையே ஆர்க்கியாவிலிருந்து பிரிந்தது என்பர் பலர். அவ்வாறாயின் பெரும்பிரிவு மூன்றன்று, இரண்டே. இவ்வழக்கு ஆய்வாளரிடையே இன்னும் நடைபெறுகின்றது.