டில்டேவை விரிக்கிறது யாரு?

இன்னைக்கு ஃபைல் பாத் பத்திப் பேசலாம். டெர்மினல்ல ஒழுங்கா ஓடின அதே பாத்தை ப்ரோக்ராமுக்குள்ள போட்டா, "அப்படி ஒரு ஃபைலே இல்லை"ன்னு ஏன் சொல்லுது?

முதல்ல டில்டே, அந்த வளைஞ்ச கோடு. லினக்ஸ், மேக் ரெண்டுலயும் அதை ஹோம் டைரக்டரின்னு நினைச்சுத்தான் டைப் பண்றோம். ஆனா கெர்னலுக்கு அது வெறும் ஒரு எழுத்து. அதை முழு பாத்தா மாத்துறது ஷெல். பாஷ் மாதிரியான ஷெல், நீங்க என்டர் தட்டினதும் டில்டேவை விரிச்சுட்டு, அப்புறம்தான் கமாண்டை ஓட்டும். பைத்தானோட ஓப்பன் ஃபங்ஷனுக்கு இதே பாத்தைக் குடுத்தா, நடுவுல ஷெல் கிடையாது. டில்டேன்னே பேர் வச்ச ஒரு ஃபோல்டரைத் தேடிட்டு, இல்லைன்னு திரும்பிடும். எக்ஸ்பேண்ட்யூசர் ஃபங்ஷன் இருக்கிறதே இதுக்காகத்தான். அப்போ விம், ஈமேக்ஸ்ல மட்டும் எப்படி வேலை செய்யுது? அந்த எடிட்டர்கள் டில்டேவைத் தாங்களே விரிச்சுக்கும்.

அடுத்து ரிலேட்டிவ் பாத். இங்க கேள்வி, "எங்கிருந்து எண்ணுறோம்?" ஷெல்லுக்கு, நீங்க இப்போ நிக்கிற டைரக்டரி. விம்மும் வழக்கமா, அதை எந்த டைரக்டரில இருந்து ஆரம்பிச்சீங்களோ அங்கிருந்துதான் எண்ணும். நீங்க எடிட் பண்ற ஃபைல் வேற எங்க இருந்தாலும் சரி. ஈமேக்ஸ் நேர் எதிர்: ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த ஃபைல் இருக்கிற டைரக்டரிதான் தொடக்கம்.

மூணாவது ஸ்பேஸ். எடிட்டரோட ஓப்பன் விண்டோல ஸ்பேஸ் இருக்கிற பேரைக் குடுத்தா, அது ஒரே ஃபைல். கோட்ஸ் போடாம ஷெல்லுக்குக் குடுத்தா, அது ரெண்டு. 2011-ல பம்பிள்பீங்கிற லினக்ஸ் ப்ராஜெக்டோட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்ல, ஸ்லாஷ் யுஎஸ்ஆருக்கு அப்புறம் தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்துடுச்சு. அந்த வரி ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். உள்ள இருக்கிற ஒரு சின்ன டைரக்டரியை அழிக்க வேண்டியது, மொத்த யுஎஸ்ஆர் டைரக்டரியையே அழிக்கப் போயிடுச்சு. லினக்ஸ்ல பெரும்பாலான ப்ரோக்ராம்கள் இருக்கிற இடமே அதுதான்.

இதே மாதிரி ஒரு பொறி டில்டேலயும் இருக்கு. விரிக்கத் தெரியாத ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், டில்டேங்கிற பேர்லயே ஒரு ஃபோல்டரை உருவாக்கி வச்சிருக்கும். அதை அழிக்கிறேன்னு ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போட்டு வெறும் டில்டேவை அடிச்சீங்கன்னா, ஷெல் அதை விரிச்சுடும். போறது உங்க ஹோம் டைரக்டரி. முன்னாடி டாட் ஸ்லாஷ் சேர்த்துக்கோங்க. அப்போ ஷெல் அதை விரிக்காது.

ஒரே ஒரு பழக்கம் போதும். ஆர்எம்முக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி, அதே பாத்தை அப்படியே எல்எஸ்ஸுக்குக் குடுங்க. ஷெல் அதை என்னன்னு புரிஞ்சுக்கிட்டதோ, அது ஸ்க்ரீன்ல வந்துடும். நீங்க நினைச்சதும் அதுவும் ஒண்ணா இருந்தா மட்டும் அழிங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.