ஆடாதோடையும் பரீட்சையும்



வேலியோரத்தில் நிற்கும் ஆடாதோடைச் செடியை அறியாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆடு தொடாத இலையாதலால் அப்பெயர் வந்தது என்பார்கள். இருமல், சளி, இரைப்பு என்றால் அவ்விலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது வெகுகால வழக்கம். இதைப் பற்றி இரண்டு கூட்டத்தார் பேசுகிறார்கள். "முன்னோர் சொன்னதற்குப் பரீட்சை எதற்கு?" என்கிறார் ஒருவர். "பட்டிக்காட்டுப் பச்சிலையில் என்ன இருக்கும்?" என்கிறார் மற்றவர். இருவருமே இலையைச் சோதித்துப் பாராமல் பேசுகிறவர்கள்தான்.

சோதித்தவர்கள் கண்டதென்ன? உதகமண்டலத்தில் சர்க்கார் இரசாயன நிபுணராயிருந்த டேவிட் ஹூப்பர், 1888-ல் இவ்விலையிலிருந்து ஒரு கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு வாசிசின் என்று பெயர். அது மூச்சுக்குழாயின்மேல் வேலை செய்வதைப் பின்வந்தவர்கள் மிருகங்களிடம் பரீட்சித்து அறிந்தார்கள். அதன் அமைப்பை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கும் மருந்து 1963-ல் வந்தது. அம்மருந்து உடலுக்குள் மாறி உண்டாகும் ஆம்பிராக்சால் பின்பு தனி மருந்தாயிற்று. இன்று கடையில் விற்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் இவையே இருக்கின்றன.

ஆகவே பட்டிக்காட்டு இலை என்று இகழ்ந்தவர் தோற்றார். முன்னோர் சொன்னதே போதும் என்றவராவது வென்றாரா? அதுவும் இல்லை. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்வதையும் பரீட்சைதான் காட்டிற்று. ஆதலால் கர்ப்பிணிகள் இக்கஷாயத்தைக் குடிக்கக் கூடாது. பச்சிலை யாருக்கும் கெடுதி செய்யாது என்பது வெறும் நம்பிக்கையே. கடை மருந்துக்கும் இதே நியாயந்தான். புரோம்ஹெக்சினும் ஆம்பிராக்சாலும் அபூர்வமாகக் கடுமையான தோல் கோளாறு உண்டாக்கலாம் என்று 2015-ல் ஐரோப்பாவில் எச்சரித்தார்கள்.

நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் மூன்று மாதம் இருமினார். கஷாயம் குடித்ததும் சளி இளகிற்று; குணமாகிவிட்டதென்று நினைத்தார். போதாததற்குத் தாயத்தும் கட்டினார்கள். சளியில் இரத்தம் கண்ட பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். க்ஷயம் என்றார்கள். அதற்குள் அவர் மகளையும் அது பற்றிக்கொண்டது.

இதில் இலையின் குற்றம் என்ன? சளியை இளக்குவது வேறு. 1882-ல் கோக் கண்டுபிடித்த க்ஷயக் கிருமியைக் கொல்லுவது வேறு. அதற்குரிய மருந்தைச் சாதாரணமாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகையால் தோழர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லையானால், கஷாயத்தை நம்பிக் காலங் கடத்தாமல் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். பழையது என்று நம்பவும் வேண்டாம். பழையது என்று தள்ளவும் வேண்டாம். சோதித்துப் பார்த்துக் கொள்ளத்தக்கதைக் கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.