திருகோணமலை என்னும் மரக்கலம்

கோணேசர் வீற்றிருக்கும் குன்றும், அக்குன்றின்மேல் அமைந்த பிரெடெரிக் கோட்டையும், உட்துறையின் வாயிலைக் காத்து நிற்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும், திருகோணமலைத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் இட்ட போட்டிகளுக்குச் சான்றாக விளங்குகின்றன. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறை இருமுறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கவர்ந்தனர்; ஆகஸ்டு முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அவர்களிடமிருந்து கவர்ந்தான். செப்டெம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே நிகழ்ந்த கடற்போரின் நினைவாக, பிற்காலத்தில் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பலுக்குத் ‘திருகோணமலை’ என்று பெயர் சூட்டப்பட்டது. அக்கப்பலின் வரலாற்றை நேயர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

கப்பலைக் கட்டியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். நெப்போலியனோடு நடந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டமையால், மலையாளக் கரைத் தேக்கைக் கொண்டு பம்பாயில் கட்டுவிக்க முடிவு செய்தனர். அதற்கான வரைபடங்களைச் சுமந்து சென்ற ‘ஜாவா’ என்னும் கப்பலை 1812இல் அமெரிக்கர் கடற்போரில் வென்றனர். வரைபடங்களும் அதனோடு போயின. மறுபடியும் வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்துக் கப்பற் சிற்பி ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி அமைத்த அம்மரக்கலம் 1817 அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறங்கிற்று. சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1819 ஜனவரியில் நெப்போலியன் சிறையிருந்த செயின்ற் ஹெலினாத் தீவையும், ஏப்ரல் 30இல் போர்ட்ஸ்மவுத் துறையையும் அடைந்தது. அதற்குள் போர் ஓய்ந்துவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அக்கப்பலுக்கு வேலையே இல்லை. பின்னர் மேற்கிந்தியத் தீவுகளிலும் பசிபிக் கடலிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்து, முதுமையில் மாலுமிப் பயிற்சிக் கப்பலாக நின்று, 1897 மே மாதத்தில் உடைத்து விற்பவர்களுக்கு விலையாயிற்று.

இங்கே மற்றொரு கப்பலின் கதை குறுக்கிடுகிறது. நெல்சனின் கொடிக் கப்பலாக விளங்கிய ‘பூட்ரோயன்’ இவ்வாறே உடைப்பவர் கைக்குச் சென்றபோது பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். வீட்லி கோப் என்னும் செல்வர் அதை வாங்கிச் செப்பனிட்டு, சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கலமாக்கினார். செப்பனிட்ட செலவு 20,000 பவுண். அச்செலவை ஈடு செய்ய வேண்டுமே! கடற்கரை நகரங்கள் தோறும் கப்பலைக் கொண்டு சென்று, காண வருவோரிடம் கட்டணம் பெறலாம் எனத் துணிந்தார். 1897 ஜூனில் கப்பல் பிளாக்பூல் நகருக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 16ஆம் நாள் வீசிய கடும்புயலில் நங்கூர வடம் ஒன்று அறுந்தது. எஞ்சிய நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு கப்பல் கரையில் மோதியது. உயிர்காப்புப் படகினர் 27 மாலுமிகளையும் மீட்டனர். கப்பலை மீட்க இயலவில்லை. 20,000 பவுண் விழுங்கிய கலம் 200 பவுணுக்கு விலைபோயிற்று. டிசம்பர்ப் புயல்கள் அதனை முற்றாகச் சிதைத்தன. ஒதுங்கிய மரத்தில் தச்சர்கள் நாற்காலியும் மேசையும் செய்தார்கள்.

நற்பணிக்குப் பொருள் திரட்டப் பழைய ஊர்தியைப் பயணம் கொண்டு செல்லும் ஆர்வம் இன்றும் குறையவில்லை. மலிவான பழைய மோட்டார் வண்டிகளை இங்கிலாந்திலிருந்து சகாராப் பாலைவனத்தின் வழியே ஆபிரிக்காவின் காம்பியா நாடுவரை ஓட்டிச் சென்று, அங்கே ஏலமிட்டு, அப்பணத்தை அறப்பணிகளுக்கு அளிக்கும் பயணம் 2003இல் தொடங்கியது. அவ்வண்டிகளுள் ஒன்று மணலிற் புதைந்தாலும் பெரிய நட்டமில்லை. அதனைப் போல இன்னொன்றை எளிதில் வாங்கலாம். கோப் கடலில் விட்டதோ, இன்னொன்று கிடைக்காத பொருள். அவர் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் செலவை ஈட்ட வேண்டும் என்ற அவசரம் காக்க வந்த பொருளையே காவு கொண்டது.

கோப் சோர்ந்துவிடவில்லை. உடைபடக் காத்திருந்த ‘திருகோணமலை’யை வாங்கினார், இழந்த கப்பலின் பெயரை அதற்கு இட்டார். அன்று முதல் அது ‘பூட்ரோயன்’ ஆயிற்று. (வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யும் 1938இல் அமெரிக்கா சென்றபோது வேறு பெயர் தாங்கியே சென்றது.) புதிய ‘பூட்ரோயன்’ ஊர் ஊராகக் காட்சிக்குச் செல்லவில்லை. முதலில் பால்மவுத் துறையிலும், பின்னர் போர்ட்ஸ்மவுத் துறையிலும் நின்றவாறே, தலைமுறை தலைமுறையாக இளைஞர்களைத் தங்க வைத்துக் கடற்பயிற்சி அளித்தது.

அதனோடு அணிசேர்ந்து பணிபுரிந்த ‘இம்பிளாக்கபிள்’ என்னும் கப்பலுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ட்ரபல்கார்ப் போரில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்ற அக்கப்பலைச் செப்பனிடப் பணம் கிடைக்காமையால், 1949 டிசம்பர் 2இல் ஆங்கிலக் கொடியையும் பிரெஞ்சுக் கொடியையும் ஏற்றிக் கடலில் அமிழ்த்தினர்.

தேக்குக் கப்பலோ 1986 வரை உழைத்தது. மறுவருடம் அதனை ஹார்ட்டில்பூல் துறைக்குக் கொண்டு சென்றனர். பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த திருப்பணிக்கு ஒரு கோடிப் பவுணுக்கு மேற் செலவாயிற்று. 2001இல் வேலை நிறைவெய்தியது. இடையே 1992இல் பழைய பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. ஆங்கிலேயர் திருகோணமலையிலிருந்த தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயிற்சிக் கப்பலாக நின்ற அதே ஹார்ட்டில்பூலில், ‘திருகோணமலை’ இன்று நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. காண வருவோர் கட்டணம் செலுத்தி ஏறிப் பார்க்கின்றனர்.