கப்பலில் வந்த மலிவு எங்கே போயிற்று?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலைச் சங்குக்கு ஓடுகிறவர்களும் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களும் இன்று ஒரே பந்தலின் கீழ் கூடியிருக்கிறோம். நமக்குள் வேலை வேறு, கூலி வேறு. ஆனால் டீசல் விலை ஏறினால் அடி விழுவது இருவர் முதுகிலும்தான். ஆலைத் தொழிலாளி பஸ்ஸுக்கும் அரிசி பருப்புக்கும் கூடுதலாக அழுகிறான். விவசாயத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், "டிராக்டர் வாடகை ஏறிவிட்டது, அறுப்பு மெஷின் வாடகை ஏறிவிட்டது, உனக்கு எங்கிருந்து கொடுப்பது?" என்ற பதில் வருகிறது.

ஏன் ஏறியது என்று கேட்டால், "உலக மார்க்கெட்டில் எண்ணெய் விலை ஏறிவிட்டது, எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்று ஆட்சியாளர்கள் கைவிரிக்கிறார்கள். உலக விலை ஏறுவது உண்மைதான். அது இறங்குவதும் உண்மைதானே? இறங்கியபோது நமக்கு ஏன் இறங்கவில்லை? மலிவான எண்ணெய் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதே, அந்த மலிவு எங்கே போயிற்று? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவோம்.

முதலில் பழைய கதை ஒன்று. 1950-களில் நம் நாட்டு எண்ணெய் வியாபாரம் மூன்று அந்நியக் கம்பெனிகளின் பிடியில் இருந்தது: பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ். பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டியவர்கள் அவர்கள். கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம் என்று சர்க்கார் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தது. அவர்கள் வாங்கியது தங்கள் சொந்தக் கூட்டாளிகளின் எண்ணெயைத்தான். விற்கிறவனும் அவனே, வாங்குகிறவனும் அவனே, விலை எழுதுகிறவனும் அவனே!

அந்த விலை எழுதும் வித்தையையும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன், பக்கத்தில் உள்ள ஈரானின் அபாதானிலிருந்து பம்பாய்க்கு எண்ணெய் வந்தாலும், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுக விலையைப் போட்டு, அங்கிருந்து இங்கே வரக் கப்பல் கூலியும் சேர்த்துத்தான் கணக்கு எழுதினார்கள். வராத கப்பலுக்குக் கூலி! பக்கத்து ஊர் நெல்லை விற்றுவிட்டு, பர்மாவிலிருந்து கொண்டுவந்த செலவைக் கேட்டால் நாம் சும்மா விடுவோமா?

1960-ல் சோவியத் யூனியன் இந்தியாவுக்கு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. ரூபாயிலேயே பணம் வாங்கிக்கொள்ளவும் சம்மதித்தது. எண்ணெய் இலாகா மந்திரியாக இருந்த கே.டி. மாளவியா அதை வாங்க விரும்பினார். கம்பெனிகள் என்ன செய்தன? "எங்கள் ஆலையில் அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க முடியாது" என்று மறுத்துவிட்டன. நம் மண்ணில் நிற்கிற ஆலை, நம் தொழிலாளி ஓட்டுகிற ஆலை. அதில் எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதை லண்டனும் நியூயார்க்கும் தீர்மானித்தன!

அதே 1960-ம் ஆண்டில் கியூபாவிலும் இதே நாடகம் நடந்தது. டெக்ஸாகோ, எஸ்ஸோ, ஷெல் கம்பெனிகள் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபப் புரட்சி அரசு ஜூன் கடைசியிலும் ஜூலை முதலிலும் அந்த ஆலைகளைக் கையில் எடுத்துக்கொண்டது. உடனே அமெரிக்கா கியூபாவின் சர்க்கரையை வாங்குவதை வெட்டியது. எண்ணெய்க் கம்பெனிக்கு வலித்தால் ஏகாதிபத்தியம் முழுவதற்கும் வலிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்திய சர்க்கார் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் 1959-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தியன் ஆயில் மூலம் சோவியத் டீசலையும் மண்ணெண்ணெயையும் நேராக இறக்குமதி செய்தது. 1960 ஆகஸ்டில் முதல் கப்பல் பம்பாய் வந்து சேர்ந்தது. அதுவரை அசையாமல் இருந்த கம்பெனிகள் கச்சா எண்ணெய் விலையில் தள்ளுபடி கொடுக்க இறங்கி வந்தன. கையில் மாற்று வழி ஒன்று இருந்தால் ஏகபோகமும் பணியும் என்பதை அன்றே கண்டோம்.

பின்பு 1974-ல் எஸ்ஸோவும், 1976-ல் பர்மா ஷெல்லும், அதைத் தொடர்ந்து கால்டெக்ஸும் நாட்டுடைமை ஆயின. இன்றைய இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் இப்படிப் பிறந்தவைதான். விலையைச் சர்க்கார் நிர்ணயிக்கும் முறையும் வந்தது. நாட்டுக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் தோழர்களே, ஆலை பொதுச் சொத்து ஆனால் மட்டும் போதாது. அதை நடத்துகிற சர்க்கார் யார் பக்கம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2002 ஏப்ரலில் அந்த விலை நிர்ணய முறையைக் கலைத்தார்கள். நம் ஆலையில் நம் தொழிலாளி உற்பத்தி செய்த டீசலுக்கு, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தால் என்ன விலை ஆகுமோ அந்த விலை என்றார்கள். 2006-ல் இதில் ஏற்றுமதி விலையையும் ஒரு பங்கு கலந்தார்கள். கம்பெனிகள் போனாலும் கம்பெனிகளின் கணக்கு திரும்பி வந்துவிட்டது! 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் மார்க்கெட்டின் கையில் விட்டார்கள். 2017 ஜூன் முதல் விலை தினம் மாறத் தொடங்கியது.

"மார்க்கெட் இறங்கினால் உங்களுக்கும் இறங்கும்" என்று ஆசை காட்டினார்கள். இறங்கியதா? 2014-ன் நடுவில் டீசல் மீது மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. கச்சா எண்ணெய் இறங்க இறங்க வரியை ஏற்றினார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் உலகம் முடங்கிக் கிடந்தபோது, இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 20 டாலருக்கு விழுந்தது. அடுத்த மாதமே டீசல் மீது 13 ரூபாயும் பெட்ரோல் மீது 10 ரூபாயும் வரி கூட்டினார்கள். டீசல் கலால் 31 ரூபாய் 83 காசு ஆயிற்று. ஆலை மூடி வேலை இழந்து நின்ற நாளில் நம் பையில் கை வைத்தார்கள்.

இந்தப் பணம் எதற்கு? 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே சொன்னது. முதலாளி கட்ட வேண்டியது குறைந்தது. பஸ் ஏறுகிறவன் கட்ட வேண்டியது கூடியது. 2020-21-ல் பெட்ரோல், டீசல் கலாலாக 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அதிலும் தந்திரம். 2021 பிப்ரவரியில் பெட்ரோல் மீது இருந்த 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களுடன் பங்கிட வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி எல்லாம் செஸ், கூடுதல் வரி என்று டில்லி தனக்கே வைத்துக்கொண்டது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கொஞ்சம் குறைத்தார்கள். ஏற்றியது அனைத்தையும் இறக்கவில்லை.

இனி கப்பல் கதைக்கு வருவோம். 2022-ல் உக்ரைன் போர் மூண்டது. மேலை நாடுகள் ரஷ்ய எண்ணெயை ஒதுக்கின. ரஷ்யா தள்ளுபடியில் விற்றது. இன்றைய ரஷ்யா சோவியத் அல்ல. அது முதலாளித்துவ நாடு. வாங்க ஆள் இல்லாததால் மலிவாகக் கொடுத்தது. போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ரஷ்ய எண்ணெய், 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 1960-ல் சுத்திகரிக்க மறுத்தார்கள், 2022-ல் மறுக்கவில்லை. அப்படியானால் விலை இறங்க வேண்டாமா?

சென்னையில் 2022 மே மாதம் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு, டீசல் 94 ரூபாய் 24 காசு. 2024 மார்ச் வரை அதே விலை! தினம் மாறும் விலை இரண்டு வருஷம் தூங்கியது. இடையில் கச்சா எண்ணெய் 110 டாலருக்கு மேலிருந்து 75 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. "முன்பு பட்ட நஷ்டத்தை ஈடு செய்கிறோம்" என்றார்கள். 2022-ல் சில மாதம் நஷ்டம் காட்டியது உண்மை. ஆனால் 2023-24-ல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் லாபம் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய். அதுவா ஈடு? தனியார் ஆலைகளோ மலிவு எண்ணெயை வாங்கி, டீசலாக்கி, ஐரோப்பாவுக்கும் விற்று லாபம் பார்த்தன. பிறகு தேர்தல் நெருங்கியபோது, 2024 மார்ச்சில் 2 ரூபாய் அளவுக்குக் குறைத்தார்கள்!

மலிவு எங்கே போயிற்று என்று கேட்டோமே, இதுதான் விடை. கப்பலில் வந்த மலிவு துறைமுகத்தைத் தாண்டவில்லை. ஒரு பங்கை லாபம் தின்றது, ஒரு பங்கை வரி தின்றது. பங்க் வாசலுக்கு வந்து சேர்ந்தது பழைய விலை.

இதற்கிடையே பழைய பர்மா ஷெல்லின் இடத்தில் நிற்கும் பாரத் பெட்ரோலியத்தையே தனியாருக்கு விற்க 2019 நவம்பரில் முடிவு செய்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், கேட்ட விலைக்கு வாங்க ஆளும் இல்லை. 2022 மே மாதம் கைவிட்டார்கள். மறுபடி முயலமாட்டார்கள் என்று நாம் கண் அயரக் கூடாது. 1960-ல் கையில் ஆலை இல்லாததால் பட்டதை மறக்கலாமா?

கடைசியாக நமக்குள் ஒரு வார்த்தை. ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சப்படி இருக்கிறது. விலை முன்னே ஓடினாலும் பஞ்சப்படி நொண்டிக்கொண்டாவது பின்னே வருகிறது. அதுவும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு எட்டுவதில்லை. விவசாயத் தொழிலாளிக்கு அந்த நொண்டிக் குதிரைகூடக் கிடையாது. 2016 ஜூலை முதல் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு 25 காசு, 25 காசாக ஏற்றி 2020-க்குள் மானியத்தையே தீர்த்தார்களே, அதற்கு எந்தப் பஞ்சப்படி ஈடு கட்டியது? ஆகையால் பஞ்சப்படி பெறுகிறவன் அது இல்லாதவனுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். டிராக்டர் வாடகை கொடுக்கத் திணறும் சிறு விவசாயியையும் கூலி கேட்கும் தொழிலாளியையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. அவ்விருவரையும் சுரண்டுகிற கை ஒன்றே.

நாம் கேட்பவை ஐந்து. டீசல், பெட்ரோல் மீதான மத்திய கலாலையும் செஸ்ஸையும் வெட்டு. கம்பெனிகளிடம் வரி வாங்கு. இறக்குமதி விலைக் கணக்கை விட்டு, உற்பத்திச் செலவின்படி விலை போடு. எண்ணெய்ப் பொதுத்துறையில் கை வைக்காதே. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் கூலியை விவசாயத் தொழிலாளிக்கும் சட்டமாக்கு.

இந்த ஐந்தையும் ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள். "உலக மார்க்கெட்" என்று எவன் கைவிரித்தாலும், "இறங்கியபோது எங்கே போயிற்று?" என்று திருப்பிக் கேளுங்கள். கணக்குக் கேட்கத் தெரிந்த தொழிலாளியை எவனும் நெடுநாள் ஏய்க்க முடியாது.

உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக!